கொடைப் பசுவைத் தேர்ந்தெடுக்கப் போகிற இளையவர்களுக்கு

பிரேசிலில் இறைச்சிக்காக வளரும் மாடுகளில் பெரும்பகுதி நெலோர் இனம். ஆந்திரத்து ஓங்கோல் மாடுகளின் வாரிசுகள் அவை. கடைசிப் பெருந்தொகுதி 1960-களின் தொடக்கத்தில் கப்பலேறிப் போனது. ஆய்வகத்தில் மாட்டுக் கரு உருவாக்குவதில் அந்த நாடு உலகின் முன்வரிசையில் நிற்க இந்தத் திமில் மாடு ஒரு பெரிய காரணம். கருமாற்று வேலைக்கு வரும் இளம் மருத்துவர்கள் அதை வைத்தே பாடம் படிக்கலாம். கரு உருவாக்குவதற்கு முட்டை எடுக்கும் பசுவைத்தான் கொடைப் பசு என்கிறோம்.

1. முட்டை வளம் வம்சத்தில் வருவது. ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சினால் நெலோர் பசு ஒரே முறையில் இருபது சினைமுட்டை தருவது சாதாரணம். ஐரோப்பிய இனங்களில் பொதுவாக அவ்வளவு கிடைக்காது. ஒரே பட்டியில் ஒன்று ஐம்பது தரும், பக்கத்தில் நிற்பது ஐந்துதான் தரும். இந்த வேறுபாட்டில் ஏறத்தாழக் கால் பங்கு மரபால் வருவதாகப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தேர்வு செய்து பாலை உயர்த்த முடிந்ததல்லவா? இங்கும் முடியும்.

2. பூஜ்யத்தை எழுதுங்கள். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். வடிகட்டியில் தங்கியதைத் தட்டில் ஊற்றி, நுண்ணோக்கியின் கீழ் மூலை மூலையாகத் தேடியும் ஒரு முட்டைகூட அகப்படாத நாள் உண்டு. பத்து முட்டை எடுத்து ஒன்றும் கருவாகாத நாளும் உண்டு. அந்த வரிகளை 'வேலை நடக்கவில்லை' என்று அடித்துவிடுகிறார்கள். அடித்துவிட்டால் தராத பசு தாளில் தருகிற பசுவாகிவிடும். அதன் மகளையும் நம்பிக் கொடைப் பசுவாக்குவோம். கணக்குப் போடுபவர்களுக்கும் ஒரு சொல்: பெரும்பாலான பசுக்கள் குறைந்த எண்களில் குவிந்திருக்கும், சில மட்டும் வெகு உயரத்தில் நிற்கும். இந்த எண்களை அப்படியே வழக்கமான வாய்பாட்டில் போடாதீர்கள். மடக்கைக்கு மாற்றிப் போடலாம், ஆனால் பூஜ்யத்துக்கு மடக்கை கிடையாது. அதனால் எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டி மடக்கைக்கு மாற்றுங்கள், அல்லது எண்ணிக்கைக்கென்றே உள்ள மாதிரிகளைப் பயன்படுத்துங்கள்.

3. உறிஞ்சியவர் பெயர், பருவம், ஆய்வகம், பசுவின் வயது: எதையும் விடாதீர்கள். கை தேர்ந்தவர் எடுத்த முட்டைகளைப் பசுவின் கணக்கில் ஏற்றினால் மதிப்பீடு பொய்யாகும்.

4. முட்டை எண்ணிக்கை பசுவுக்கு உரியது. அதில் எத்தனை கருவாகின்றன என்பதில் காளைக்கும் ஆய்வகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. அந்த விகிதத்தில் மரபின் பிடி மிகக் குறைவு. கரு குறைந்தால் முதலில் வேறு காளையின் விந்தைப் போட்டுப் பாருங்கள். பசுவைக் கழிப்பது பிறகு.

5. கிடாரிகளை ரத்தப் பரிசோதனையில் தரம் பிரிக்கலாம். சினைப்பையின் சிறு நுண்பைகள் சுரக்கும் ஏ.எம்.எச். ஹார்மோன் பருவச் சுழற்சியில் அதிகம் ஏறி இறங்காது. அது கூடுதலாக உள்ள மாட்டில் முட்டையும் கூடுதல். ஆனால் சினையின் முதல் மாதங்களில் தாய்க்குத் தீனி குறைந்திருந்தால், பிறக்கும் கிடாரியின் நுண்பைகளும் குறையும். அந்தக் குறையை மரபின் மேல் போடாதீர்கள்.

6. முட்டைக்காக மட்டும் ஒரு பசுவைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. முதலில் எடை, வளர்ச்சி, இறைச்சித் தரம், கன்றீனும் திறன்; முட்டை வளம் அதன் பின்னால்தான். நிறையத் தரும் பசு யாரும் தேர்ந்தெடுக்காமலே தன் கன்றுகளால் மந்தையை நிறைத்துவிடும். நெலோர் ஏற்கெனவே சில காளைகளின் வம்சத்தில் குறுகி நிற்கும் இனம். உறவுக்குள் கலப்பு கூடினால் இழப்பது முட்டையை மட்டுமல்ல, நலத்தையும்தான். ஒரு கொடைப் பசுவின் கன்றுகள் இத்தனைக்கு மேல் கூடாது என்று வேலையைத் தொடங்கும் முன்பே வரம்பு வையுங்கள். பண்ணைக்காரர் கோபித்தாலும் வையுங்கள்.

7. ஏழாம் நாள் கருவை எண்ணியதும் ஏட்டை மூடாதீர்கள். ஆய்வகக் கருவில் பிறக்கும் கன்று சில வேளை வழக்கத்தைவிடக் கனமாக இருக்கும், பிரசவம் கடினமாகும். சினை பிடித்ததா, கன்று உயிரோடு விழுந்ததா, எடை என்ன என்பதையும் அதே கொடைப் பசுவின் பக்கத்தில் எழுதுங்கள்.