முட்டுக்கட்டை எடுத்த நேரம்

கேள்வி: சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? பறப்பது முக்கால் மணிகூட இல்லை என்கிறார்கள்; டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கிறது. இந்தக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது?

பதில்: பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பழகிய பாகையும் கலையும் போதும், தூரத்தைக் கையாலேயே கணக்கிட்டுவிடலாம். மீனம்பாக்கம் ஏறத்தாழ 12 பாகை 59 கலை வட அட்சத்தில் இருக்கிறது. பலாலி 9 பாகை 48 கலையில். பலாலி கிட்டத்தட்ட நேர் தெற்கே. கழித்தால் 3 பாகை 11 கலை. பாகைக்கு 60 கலை என்பதால், அதாவது 191 கலை. கடல் மைலில் தூரமும் அதே 191தான். கிலோமீட்டரில் 354.

கடல் மைல் பிறந்ததே அப்படித்தான். அட்சத்தில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு மைல். சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கோணம் அளந்து கப்பலோட்டியவர்களுக்கு, கோணமே தூரமாகிவிட்டால் பாதி வேலை மிச்சம். பூமி சரியான உருண்டை இல்லாததால் கலையின் நீளம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். அந்த இழுபறியை 1929இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு 1,852 மீட்டர் என்று முடித்தது. ஆங்கிலேயர்கள் மட்டும் தங்கள் 6,080 அடியை 1970 வரை விடவில்லை.

வேகத்துக்குச் சொல்லும் 'நாட்' நிஜமாகவே கயிற்று முடிச்சு. மரத்துண்டு கட்டிய கயிற்றைக் கப்பலின் பின்னால் வீசுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் ஓய்வதற்குள் எத்தனை முடிச்சு கைக்குள் நழுவுகிறதோ, அதுவே மணிக்கு அத்தனை கடல் மைல். இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் சுமார் 275 நாட் போகும். அப்படியானால் 42 நிமிடம்!

மீதி அரை மணி எங்கே போனது? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல, 'பிளாக் டைம்'. மேட்டில் நிறுத்திய லாரிக்குக் கல் வைப்பதுபோல, நிற்கும் விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பார்கள். அதை எடுத்துப் புறப்படுவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி வைக்கும்வரை உள்ள நேரம் இது. மீனம்பாக்கத்தில் ஜெட் விமானங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். போதாததற்கு அங்கே பிரதான ஓடுபாதை கிழக்கு மேற்காகவும் பலாலியில் வடகிழக்கு தென்மேற்காகவும் கிடக்கின்றன. தெற்கே போகிற விமானம் இரண்டு முனையிலும் வளைந்துதான் ஆகவேண்டும்.

2019 நவம்பரில் சென்னை – பலாலி சேவை தொடங்கியபோது புதுத் தடம்போலத் தோன்றியது. ஆனால் 1947 டிசம்பர் 10இலேயே இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில், இறங்கி, சென்னை வந்திருக்கிறது. வேகம் குறைந்த டகோட்டா அது. இலங்கையிலிருந்து வான்வழியே இந்தியா வந்த அந்த விமானத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? சீதா தேவி.