கதைக்க ஓர் இடம்

யாழ்ப்பாணத்துப் புத்தூரில் உளவளத்துணையாளராக இருக்கும் என்னிடம் ஒருவர் வந்து "எனக்கு மனம் சரியில்லை" என்று நேராகச் சொல்வது அபூர்வம். தலையிடி என்று வருவார்கள். நித்திரை இல்லை, நெஞ்சுக்குள் ஏதோ அடைக்குது, சாப்பாடு இறங்குதில்லை என்று வருவார்கள். அதற்கு முன்னரே இரத்தம் சோதித்து, ஈசீஜீ எடுத்து, எல்லாம் சரி என்று வைத்தியர் சொல்லியிருப்பார். ஊரிலேயே மெதடிஸ்த ஆஸ்பத்திரி இருக்கிறது. உடம்புக்கு மருந்தெடுக்க இங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. போர்க்கால உளப்பாதிப்புகளை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் சனம் துயரத்தை உடம்பின் வழியாகவே வெளிப்படுத்துவதை விரிவாக எழுதியிருக்கிறார். பெருமூச்சும் அதில் சேர்த்தி.

ஆகவே நான் தலையிடியிலிருந்தே தொடங்குவேன். எப்ப தொடங்கினது? எந்த நேரத்தில் கூட? அந்த நேரம் வீட்டில் யார் யார் இருப்பினம்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பெரும்பாலும் குரல் மாறும். "உது மனப் பிரச்சினை" என்று நான் எடுத்த எடுப்பில் சொல்லியிருந்தால், அவர் அடுத்த முறை வரமாட்டார்.

நான் பிறந்ததும் இந்த ஊரில்தான். அப்பா புகையிலையும் வெங்காயமும் செய்தவர். 1995 ஒக்ரோபரில் இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறியபோது எங்கள் பக்கத்துச் சனம் முதலில் வெளிக்கிட்டது. 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரமே வெளிக்கிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் பல குடும்பங்கள் சேலைகளை மறைப்பாகக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஷெல் சத்தத்துக்கு நடுவிலும் புருசன் பெண்சாதி சண்டை நடந்தது. சேலைக்கு அப்பால் எல்லாம் கேட்கும். காலையில் அந்தப் பெண்கள் அம்மாவிடம் வந்து அழுவார்கள். அம்மா நன்றாகக் கேட்பா, குறுக்கே ஒரு சொல் பேசமாட்டா. முடிவில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில்: "பொறுத்துப் போ பிள்ளை." அம்மாவின் காதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். அந்தப் பதிலோடு எனக்கு இன்றைக்கும் உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலுக்கு என்னைக் கொண்டுவந்ததே அதுதான். பின்னர் யாழ்ப்பாணத்தில் உளவளத்துணைப் பயிற்சி பெற்றேன். போர் நடந்த காலத்திலேயே தொடங்கிய 'சாந்திகம்' போன்ற நிறுவனங்களில் பணியாற்றிய மூத்தவர்களைப் பார்த்துப் பழகியதும் எனக்குப் பெரிய படிப்பு.

இங்கே இந்த வேலை செய்ய வருபவருக்கு நான் முதலில் சொல்வது இரகசியத்தைப் பற்றித்தான். யார் வீட்டுப் படலையை யார் திறந்தார்கள் என்பது பின்னேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒருவர் போய், போதிய இடைவெளி விட்டுத்தான் மற்றவரை வரச் சொல்வேன். வீதியிலோ கோயில் திருவிழாவிலோ கண்டால் நானாக முதலில் கதைக்க மாட்டேன். அவர்கள் சிரித்தால் சிரிப்பேன். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "மிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போறா" என்று மனம் நோவார்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு என்றால் மட்டும் வேறொருவருக்குச் சொல்லவேண்டி வரும் என்பதையும் அன்றே சொல்வேன். சொந்தக்காரரை நான் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் அது பலரை விலக்கிவிடும். ஆனாலும் வேறொருவரிடம் அனுப்புவதே நல்லது.

தம்பதியாக வந்தால், இருவரையும் சேர்த்து இருத்த முன் ஒவ்வொருவரோடும் தனியாகக் கதைப்பேன். அடி விழுகிறதா என்று கணவனை வைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்கக் கூடாது. கேட்டால் "இல்லை மிஸ்" என்பாள். உண்மையைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அடி விழும். வன்முறை இருக்கிறது என்று தெரிந்தால் இருவரையும் சேர்த்து வைத்துக் கதைப்பதை நான் தொடங்க மாட்டேன். அவளும் பிள்ளைகளும் எங்கே பாதுகாப்பாக இருக்கலாம் என்பதுதான் அப்போது கதை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பது எங்கள் பெண்கள் பலருக்கு இன்னும் தெரியாது. அடி விழுகிற வீட்டில் சமாதானம் பேசி அனுப்புகிறவர், யாராக இருந்தாலும், அந்த அடிக்குத் துணை போகிறார்.

மற்றச் சண்டைகள் வேறு. எங்கள் பக்கத்துச் சண்டைகளுக்குள் ஒரு வீடு நிற்கும்: சீதன வீடு. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடிந்து பெண்ணின் ஊருக்கு மாப்பிள்ளை போவது வழக்கம். வீடு அவள் பெயரில். மாமியும் மாமாவும் அங்கேயே இருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பெண்ணுக்குப் பெரிய பலம். உள்ளே வந்து பார்த்தால் அவ்வளவு எளிதில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஆக வீடு அவளுடையது, கையெழுத்து அவனுடையது. அவன் ஒரு மரக்கொப்பை வெட்டினாலும் மாமா கேட்பார். "நான் உங்கை வாடகைக்கு இருக்கிறவன் மாதிரித்தான் மிஸ்" என்று ஒருவர் சொன்னார். மனைவியோ, "அம்மாவைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் எனக்குப் பத்தும், ஆனால் இவர் தனிய முத்தத்தில் இருக்கிறதைப் பார்க்கவும் ஏலாது" என்றாள். (இங்கே நான் சொல்பவை பலரின் கதைகளைக் கலந்து, அடையாளம் மாற்றியவை.) இப்படியானவர்களிடம் யார் சரி என்று நான் தேடுவதில்லை. அந்த வீட்டுக்குள் இருவருக்கும் மட்டும் உரியது என்ன என்று கேட்பேன். ஒரு அறையா, ஒரு நேரமா, ஒரு செலவா? ஒன்றும் இல்லை என்றால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. மாமியைக் குற்றவாளி ஆக்கினால் அந்த வீட்டில் எதுவும் நகராது.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் தம்பதிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, அவர்களுக்கிடையிலான பிணக்குகளில் 69 வீதம் முற்றாகத் தீராதவை, திரும்பத் திரும்ப வருபவை என்று கண்டார். இதைச் சொன்னால் பலருக்கு ஆறுதல். பிரிவுக்கு முன்னறிவிப்பாக அவர் கண்டவற்றில் மிக மோசமானது இளக்காரம். என் அனுபவமும் அதுதான். கத்திச் சண்டை பிடிக்கிறவர்களைவிட, மனைவி கதைக்கும்போது உதட்டைச் சுழிக்கிற கணவனையும், "உவருக்கு என்ன தெரியும்" என்று பிள்ளைகளுக்கு முன் சொல்கிற மனைவியையும் கண்டால் எனக்குப் பயம் கூட. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சி ஒன்றுதான். ஒருவர் ஒரு விசயம் சொல்ல, மற்றவர் பதில் சொல்லாமல், கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னவர் "ஓம், அதுதான்" என்ற பிறகே அடுத்த பேச்சு. செய்து பாருங்கள், முதலில் மிகக் கடினமாக இருக்கும்.

கனடாவிலோ சுவிஸிலோ ஒருவர், புத்தூரில் மற்றவர் என்று இருக்கிற தம்பதிகளும் இப்போது அதிகம். அவர்களுக்கு நேர வித்தியாசமே ஒரு பிணக்கு. இரண்டு பேரும் களைத்திருக்கும் நேரத்தில் பெரிய விசயங்களைக் கதைக்க வேண்டாம் என்பதைத் தவிர அதிகம் சொல்வதற்கில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அப்படி ஒருவர் இன்னும் பொட்டு வைத்திருக்கிறா, மரணச் சான்றிதழ் எடுக்க மறுக்கிறா. உறவினர் அவவை என்னிடம் கூட்டி வருவது "ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கோ" என்பதற்காக. நான் சொல்ல மாட்டேன். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்ற நிலையில் துக்கம் முடிவடைய வழியில்லை என்பதை போலின் பொஸ் என்ற குடும்பச் சிகிச்சையாளர் தெளிவாகக் காட்டியிருக்கிறார். அது அந்தப் பெண்ணின் குறை அல்ல. காத்திருப்பதும் பிள்ளையைப் படிப்பிப்பதும் கடன் கட்டுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அவர் வருவார் என்று அவ சொல்லும்போது நான் மறுப்பதுமில்லை, ஆமோதிப்பதுமில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பேன். பல ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வி அது.

"பொறுத்துப் போ" என்று சொல்ல உங்களுக்கும் வாய் வரும். தயவுசெய்து அடுத்த முறை அதைச் சொல்லாதீர்கள், முழுவதையும் கேளுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு தேவையில்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பெண்களுக்கு 1938. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படும்.