கைப்பழக்கம்: பயம்தான் பெரிய நோய்!

"டாக்டர், பழக்கத்தை விட்டு ஆறு மாசம் ஆச்சு. ஆனாலும் உடம்பு தேறலை. நரம்புத் தளர்ச்சி வந்துடுச்சா?" இப்படிக் கலங்கி வரும் இளைஞர்கள் ஏராளம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

மிரட்டலும் வியாபாரமும்

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் 'ஒனானியா' என்றொரு பிரசுரம் வெளியானது. எழுதியவர் பெயர் கிடையாது. கைப்பழக்கத்தால் கொடிய நோய்கள் வரும் என்று மிரட்டிவிட்டு, அதற்கு மருந்தும் விற்றார்கள்! 1760-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் டிஸ்ஸோ எழுதிய நூல், இந்தப் பயத்துக்கு மருத்துவ முத்திரை குத்தியது. பைத்தியத்துக்கும் இதுதான் காரணம் என்று 19-ம் நூற்றாண்டு டாக்டர்கள் பலர் நம்பினார்கள்.

1948-ல் அமெரிக்காவின் கின்ஸி ஆய்வு, ஆண்களில் சுமார் 92 சதவீதம் பேருக்கு இந்த அனுபவம் உண்டு என்றது. அத்தனை பேருக்குமா பைத்தியம் பிடித்தது?

ஏழாவது தாது

சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என உடல் தாதுக்கள் ஏழு என்கிறது சித்த மருத்துவம். சுக்கிலம் கடைசியில் வருவதால், 'நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து' என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். இந்த வரிசை உடல் ஊட்டம் பெறும் முறையைச் சொல்வது. ரத்தத்தை அளக்கும் கணக்கல்ல. விந்து வீணாகிறதே என்ற கவலையால் வரும் சோர்வுக்கு 1960-ல் மனநல மருத்துவர் விக், 'தாத் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார்.

ஒரு முறை வெளியாவது 2 முதல் 5 மில்லி வரைதான். பெரும்பகுதி நீர், கொஞ்சம் புரதம், சர்க்கரை, துத்தநாகச் சத்து. விந்தணு உற்பத்தி தினமும் நடக்கிறது. சொப்பன ஸ்கலிதமும் இயல்பானதே. உடல் இளைப்பு, சோர்வு இருந்தால் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனை செய்யுங்கள். 'வாலிப வயோதிக அன்பர்களே' விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஆண்மை பெருகும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ம் வருடச் சட்டப்படி குற்றம்!

ஆபாசப் படம்?

அதில் இருப்பது நடிப்பு. அதைப் பார்த்துத் தன் உடம்பை எடைபோடுவது தவறு. படிப்பு, தூக்கம், வேலை கெட்டும் நிறுத்த முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையும் உண்டு. ஆனால், வெறும் குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோயாகாது என்கிறது அதே பட்டியல்.

பெற்றோர்களே, பிள்ளை ஏதாவது கேட்டால் "சீ, அசிங்கம்!" என்று வாயை அடைக்காதீர்கள். நீங்கள் பதில் சொல்லாவிட்டால், லாட்ஜ் வைத்தியர் சொல்வார்... பீஸ் வாங்கிக்கொண்டு!