காகிதக் கூழில் ஒரு மீன்



படித்து முடித்த செய்தித்தாளை நாம் எடைக்குப் போடுகிறோம். நம் பாட்டிமாரோ பழங்காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து, ஆட்டுரலில் அரைத்து, சுளவின் இடுக்குகளில் பூசினார்கள். அந்தச் சுளவு ஆண்டுக்கணக்கில் உழைத்தது. சிற்பமும் இந்தக் கூழிலிருந்தே பிறக்கிறது.

இக்கலையைப் பிரெஞ்சு மொழியில் ‘பப்பியே மாஷே’ என்பர். ‘மென்ற காகிதம்’ என்று பொருள். புதுவையைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. இத்தாலியின் லெச்சே நகரில் கம்பியாலும் வைக்கோலாலும் உடல் கட்டி, அதன்மேல் காகிதம் ஒட்டிப் புனிதர்களின் சுரூபங்களைச் செய்கிறார்கள். எடை குறைவாதலால் பவனியில் தோளில் சுமப்பது எளிது.

நான்காம் வகுப்புச் சிறுமியர் கலை வகுப்பில் பேத்தை மீன் செய்தார்கள். உடலை ஊதிப் பருக்கும் அந்த மீனுக்குப் பலூனே ஏற்ற அச்சு. செய்முறை இதோ:

மைதா மாவு 1 கிண்ணம், தண்ணீர் 5 கிண்ணம் கலந்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சிப் பசையாக்குக. காகிதத்தைக் கையால் கீற்றுகளாகக் கிழித்திடுக. கத்தரித்தால் ஓரம் தடித்து நிற்கும். கிழித்தால் நார் பிரிந்து நன்கு படியும். முதல் அடுக்கு செய்தித்தாள், அடுத்தது வெள்ளைத்தாள் என மாற்றி ஒட்டினால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். 5 அடுக்குகள் போதும். ஒவ்வோர் அடுக்கும் நிழலில் நன்கு காய்ந்தபின்பே அடுத்ததை ஒட்டுக. பின்னர் பலூனை உடைத்து, அட்டையில் துடுப்பும் வாலும் வைத்து, வண்ணம் தீட்டுக.

ஒரு சிறுமிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. கண்காட்சி நெருங்கிவிட்டதென்று 5 அடுக்குகளையும் ஒரே நாளில் ஒட்டி, மறுநாளே பலூனை உடைத்து, வண்ணமும் பூசிவிட்டாள். கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாளில் மீனின் வயிறு உள்வாங்கியது, பூஞ்சையும் பிடித்தது. தேம்பியபடி அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த தாத்தா அதைத் தடவிப் பார்த்தார். “எங்க காலத்துல பருத்தி வலைதான் மக்ளே. ஈரத்தோட சுருட்டி வச்சா இத்துப் போவும். எவ்வளவு களைப்புன்னாலும் காயப்போட்டுட்டுத்தான் சோறு திம்போம்” என்றார்.

தாத்தா சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. காகிதம் நுண்ணிய மரநார்களால் ஆனது. நீரில் நெகிழும் நார்கள், உலரும்போதுதான் ஒன்றையொன்று இறுகப் பற்றுகின்றன. ஆகவே சிற்பத்துக்கு வலிமை தருவது பசை மட்டுமன்று, உலர்தலும்தான்.

அச்சிறுமி மீண்டும் தொடங்கினாள். நாளுக்கு ஓர் அடுக்காக ஒட்டினாள். மழை பெய்த நாளில் ஒட்டாமல் காத்திருந்தாள். கண்காட்சிக்கு அவள் மீன் வந்து சேரவில்லை. ஆனால் இன்று வகுப்பு அலமாரியில் குலையாமல் நிற்பது அந்த மீன்தான்.

மாணவியரே, தேர்வுக்கு முந்திய இரவில் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் படிக்க முனையும்போது இந்த மீனை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் ஓர் அடுக்கு. அது மனத்தில் படிந்தபின் அடுத்தது. அப்படிக் கற்றதே நிலைக்கும்.