தோலில் விழும் திரை

நரை, திரை, மூப்பு என்று முதுமையைச் சொல்லும்போது நம் முன்னோர் தோல் சுருக்கத்திற்கு இட்ட பெயர் ‘திரை’. கடல் அலைக்கும் அதுவே பெயர். இளமையையும் அழகையும் உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற அம்மையாரின் ஊர் நம் காரைக்கால். வற்றிய அந்தத் திருமேனியை வணங்கும் நாம்தான், கண்ணாடியில் முதல் சுருக்கத்தைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகின்றோம்.

திரை ஏன் விழுகின்றது? மேற்றோலின் கீழே உள்ள அடித்தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் உறுதியையும், எலாஸ்டின் இழைகள் இழுத்தால் மீளும் தன்மையையும் தருகின்றன. வயது ஏற ஏறப் புதிய கொலாஜன் உற்பத்தி குறைகின்றது. இதைத் தடுக்க இயலாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர்கள், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தோலின் உயிரணுக்களே சுரக்கும்படி செய்கின்றன. பீடி, சிகரெட் புகையும் இதற்குத் துணை போகின்றது.

வயதின் பங்கு எது, வெயிலின் பங்கு எது என்றறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். வரிச்சிக்குடியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடவும் களையெடுப்பும் செய்துவரும் என் தாயாரின் முழங்கைக்குக் கீழே தோல் தடித்துக் கோடுகள் ஓடுகின்றன. ரவிக்கை மறைத்த புயத்தின் உட்புறமோ வழவழப்பாக இருக்கின்றது. இரண்டிற்கும் வயது ஒன்றுதானே! குனிந்தே வேலை செய்வோரின் பிடரியில் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் விழுவதையும் எங்கள் ஊரில் காணலாம்; மருத்துவ நூல்களில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1894-லேயே மாலுமிகளின் தோலில் வெயில் செய்யும் மாற்றங்களை எழுதிவிட்டார். 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த படம் இன்னும் வியப்பானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவருக்கு, கண்ணாடி ஓரமாயிருந்த இடது கன்னம் மட்டும் தொங்கிச் சுருங்கிப் போயிருந்தது. கண்ணாடி ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத் தடுப்பதில்லை.

நம் கறுப்பு நிறத்திற்குக் காரணமான மெலனின் இக்கதிர்களை ஓரளவு விழுங்கிவிடுகின்றது. அதனால்தான் வெள்ளையரைவிட நமக்குத் திரை பிந்தி விழுகின்றது. காவல்காரனை விரட்டத்தான் சிவப்பழகுக் களிம்பு வாங்குகின்றோம்!

சிகிச்சை உண்டா? வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த டிரெட்டினாயின் களிம்பு மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும் என்று 1986-இல் அமெரிக்காவில் கிளிக்மன் குழுவினர் காட்டினர். பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். தோல் சிவந்து உரியும். கருவுற்ற பெண்கள் பூசக் கூடாது. மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாத மருந்து இது. போடாக்ஸ் ஊசி சில மாதங்களே நிற்கும். நம்மைப் போன்றோருக்கு அதன் விலையே போதும், சுருக்கம் விழ. கொலாஜன் கலந்த களிம்புகள் வீண். அவ்வளவு பெரிய மூலக்கூறு தோலுக்குள் நுழையாது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே களிம்புக் குழாயில் என்ன எழுதியிருக்கின்றது என்று படித்துச் சொல்ல அக்கம்பக்கத்தார் என்னிடம் கொண்டுவருவார்கள். சிலவற்றில் பீட்டாமெத்தசோன் என்றிருக்கும். இந்த ஸ்டீராய்டை நாள்தோறும் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளியே தெரியும். 2018-இல் மைய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பெயரே இல்லாத வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருந்தால் சிறுநீரகமும் கெடும்.

ஆஸ்திரேலியாவில் 903 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. வெயில் தடுப்புக் களிம்பை நாள்தோறும் பூசியோருக்குத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவு. ஆனால் அதை இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டும். சேற்றில் நின்று வியர்வை வழிய நாற்று நடுபவர் எப்படிப் பூசுவார்? ‘பத்து மணி முதல் நான்கு மணி வரை வெயிலில் போகாதீர்’ என்ற அறிவுரையும் கூலி வேலைக்குப் பொருந்தாது. சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்கும் பெண்களைச் சிலர் கேலி செய்வதுண்டு. நெருக்கமாக நெய்த அந்தத் துணி வியர்வையில் கரைந்து போவதில்லை. மறுபடி பூச வேண்டியதுமில்லை. தலைத்துண்டின் நுனியைப் பிடரி மறையத் தொங்கவிட்டால் கழுத்தும் தப்பும்.