அப்பிளும் அதன் உறவினங்களும்

கமக்காரர் சிலர் தம் வளவில் அப்பிள் கன்று நடலாமா என வினவுகின்றனர். விடை கூறுமுன் அம்மரத்தின் குடும்பத்தை அறிதல் வேண்டும்.

அப்பிள் ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூவில் ஐந்து இதழ்கள் உள. பழத்தைக் குறுக்கே வெட்டின் நட்சத்திர வடிவில் ஐந்து அறைகள் தோன்றும். நாம் உண்ணும் சதை பெரும்பாலும் சூலகமன்று. அதனைச் சூழ்ந்து பருத்த பூத்தாங்கியேயாகும். பெயார்ஸ் பழமும் அவ்வாறே. பீச், பிளம் ஆகியன ஒற்றைக் கொட்டையுடையன, ஸ்ட்ரோபெரியும் இக்குடும்பத்ததே. நம் வளவுகளில் இவற்றிற்குள்ள உறவு பெரும்பாலும் முற்றத்து ரோசாச் செடி ஒன்றே.

பெயர் கண்டு மயங்கலாகாது. ஆங்கிலேயர் அன்னமுன்னாவைக் கஸ்ரட் அப்பிள் என்றும், விளாவை வூட் அப்பிள் என்றும், ஜம்புவை ரோஸ் அப்பிள் என்றும் அழைத்தனர். மூன்றும் வெவ்வேறு குடும்பத்தன. விளா எலுமிச்சையின் உறவு. ஜம்பு நாவலின் உறவு. ஆகவே விளாவில் அப்பிளை ஒட்டினால் உயிர் பிடியாது. அன்றியும், பெரும்பாலான அப்பிள் வகைகளின் மொட்டு விழிக்க நெடுங்குளிர் வேண்டும். யாழ்ப்பாணத்து மார்கழிப் பனி அதற்குப் போதாது. கன்றுக்குச் செலவிடும் பணம் வீணே.

குடும்பமறிதல் தோட்டத்திற்கே மிகவும் பயன்படும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை யாவும் ஒரே குடும்பத்தன. பற்றீரியா வாடலால் கத்தரி மடிந்த பாத்தியில் அடுத்துத் தக்காளியை நட்டால் அதுவும் வாடக்கூடும். நோய்க்கிருமி மண்ணிலேயே தங்கியிருக்கும். அத்தகைய நிலத்தில் சில போகங்களுக்கு வெங்காயமோ, குரக்கனோ, சோளமோ இடுக.