பால் மறந்த முயல்குட்டிக்குப் பசுந்தீனி

முயல் வளர்க்கும் நம் இயற்கை விவசாயிகள் பலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. "நம்ம தோட்டத்துப் புல், மருந்து படாதது. எவ்வளவு வேணும்னாலும் போடலாம்" என்பார்கள். வளர்ந்த முயலுக்கு இது ஓரளவு சரி. நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரையிலான குட்டிக்குச் சரிவராது. பிறந்த முதல் சில நாட்களைத் தாண்டிவிட்ட குட்டிகளையும் நாம் இழப்பது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். நான் வங்கியில் இருந்தபோது வந்த முயல் பண்ணைக் கடன் மனுக்களில் தாயை ஈற்றால் பெருக்கி, ஈற்றைக் குட்டியால் பெருக்கி வருமானம் போட்டிருப்பார்கள். பால் மறந்த வாரத்தில் சாகிற குட்டிக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இருக்காது.

காரணம் குடலில் இருக்கிறது. முயல் அசைபோடாது. தின்ற நாரைச் செரிக்க வைப்பது சிறுகுடல் முடியுமிடத்தில் உள்ள ஒரு பெரிய பை. குருட்டுக்குடல் என்று சொல்லுவாங்க. நம்ம ஜீவாமிர்தத் தொட்டி மாதிரி அதற்குள் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன. பால் குடிக்கும் குட்டிக்கு அந்தத் தொட்டி இன்னும் தயாராகவில்லை. வயிற்றில் அமிலமும் குறைவு. கிருமிகளை அதுவரை அடக்கி வைப்பது தாய்ப்பால். பால் நின்ற அதே வாரத்தில் ஒரு கூடை இளம் கீரையைப் போட்டால் குடல் தடுமாறும். வேண்டாத கிருமி பெருகும், வாயு சேரும், கழிச்சல் வரும். முயலுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. காலையில் விளையாடிய குட்டி மறுநாள் காலையில் விறைத்துக் கிடக்கும்.

ஆகவே பழக்குவதைத் தாயிடம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மூன்று வாரத்தில் குட்டிகள் பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய் தின்னும் புல்லைக் கொறிக்கும். தாய்க்கு என்ன போடுகிறோமோ அதுதான் குட்டியின் முதல் பாடம். குட்டியைப் பிரிக்கும்போது தாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டிகள் அதே கூண்டில் இருக்கட்டும். பிரிக்கிற வாரத்தில் தீனியை மாற்றவே கூடாது. தாயிடம் பசுந்தீனியே பார்க்காமல், அடர்தீவனத்திலேயே வளர்ந்த குட்டியை வெளியிலிருந்து வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வாரம் பழைய தீவனமும் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும். பிறகு நான் தருவது இரண்டு விரலால் கிள்ளிய அளவு அருகம்புல். புழுக்கை கெட்டியாக, உருண்டையாக இருந்தால் மூன்று நாள் கழித்து இரண்டு மடங்கு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய இலைதான். நாலைக் கலந்து போட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

புல்லில் நார் அதிகம் என்பதால் புல்லே முதலில். வேலிமசால், அகத்தி, கல்யாணமுருங்கை எல்லாம் புரதம் நிறைந்தவை, நல்லவைதான். ஆனால் புல்லுக்கு மேல் தொட்டுக்கொள்ளத்தான். முட்டைக்கோஸ் இலை குட்டிக்கு வேண்டாம், வாயு கட்டும். சந்தையில் சும்மா கிடைக்கிற காலிஃபிளவர் தழையில் மருந்தும் சேர்ந்தே வரும். இளம் சோளத்தட்டு, மரவள்ளி இலை இரண்டிலும் சயனைடு உண்டு. சவுண்டல் இலையில் மைமோசின் இருக்கிறது; குட்டிகளுக்கு நான் போடுவதில்லை. தக்காளி, உருளைக்கிழங்குச் செடி, உண்ணிச்செடி, அரளி, எருக்கு, ஆமணக்கு இவை கூண்டுப் பக்கமே வரக்கூடாது. புல் அறுக்கும் ஆளுக்கு இவற்றைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடிக்கிற வரப்பில் அறுக்க வேண்டாம்.

பனி உலர்ந்த பிறகு அறுத்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பி, வாடவிட்டு, சாயங்காலம் போடுங்கள். முயல் இரவில்தான் நன்றாகத் தின்னும். குவித்து வைத்த புல்லுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். அது புளிக்கத் தொடங்கிவிட்டது, எருக்குழிக்குத்தான் லாயக்கு. பூஞ்சணம் பிடித்த கடலைக்கொடியும் அப்படியே. புல்லைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டால் புழுக்கையும் மூத்திரமும் படாது. காக்சிடியா என்ற குடல் நோய் புழுக்கை பட்ட தீனி வழியாகத்தான் பரவுகிறது. மீந்ததைக் காலையில் எடுத்துவிட வேண்டும். பசும்புல் தின்கிறதே என்று தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

தினமும் காலையில் கூண்டுக்கு அடியில் பாருங்கள். முயல் மென்மையான ஒரு வகைப் புழுக்கை போட்டு, அதைத் தானே வாய்வைத்து எடுத்துத் தின்னும். அது நோயில்லை, அதன் செரிமானமே அப்படி. அது தின்னப்படாமல் கொத்தாகக் கிடந்தாலோ பின்பக்கம் ஒட்டியிருந்தாலோ சத்து மிகுந்த இலை கூடிவிட்டது என்று அர்த்தம். குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். ஆனால் தண்ணீராகப் போனாலோ, குட்டி மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடித்தாலோ, வயிறு உப்பினாலோ, உடனே பச்சையை முழுக்க நிறுத்தி, தனியாகப் பிரித்து, காய்ந்த புல்லும் தண்ணீரும் வைத்துவிட்டு, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பெரும்பாலும் நாளைக்குக் குட்டி இருக்காது.